உதடு பிளந்து பிறந்த குழந்தை: ஆப்பரேஷனுக்கு வீட்டிலேயே தயார் செய்வது எப்படி?

குழந்தை பிறந்ததும் வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா, பெண்ணா?" என்பதுதான். ஆனால் சில வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஓர் அமைதி விழுந்துவிடுகிறது. பிள்ளையின் மேலுதடு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ பிளந்து, மூக்குவரை திறந்திருக்கும். இதற்கு உதட்டுப் பிளவு என்று பெயர். சில பிள்ளைகளுக்கு வாயின் உள்ளே மேல் அண்ணமும் பிளந்திருக்கும். அது அண்ணப் பிளவு.

அதற்கப்புறம் என்ன நடக்கிறது? தொட்டிலுக்குத் திரை போடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களிடம், "பிள்ளை தூங்குது, அப்புறம் வாங்க" என்கிறார்கள். பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறாள். இந்தக் குழப்பத்தில் ஒரு முக்கியமான காரியம் விட்டுப்போகிறது. அந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது; அதற்குச் சரியாகப் பால் போகவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய முடியும். உதட்டை டாக்டர் தைத்துச் சேர்ப்பார். ஆனால் அந்த ஆப்பரேஷன் எந்தத் தேதியில் நடக்கும் என்பது பெரும்பாலும் உங்கள் வீட்டில், உங்கள் மடியில், நீங்கள் புகட்டும் பாலில்தான் முடிவாகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

யார் குற்றம்?

முதலில் மனசில் இருக்கும் பாரத்தை இறக்கிவைப்போம். நான் வீடு வீடாகப் போகும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கிரகணத்தன்னைக்கு இவ காய் நறுக்கினா. நாங்க சொன்னா கேட்டாத்தானே!"

பெரியவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றில் இருக்கும் சிசுவின் உதடு உருவாவது கர்ப்பத்தின் நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் மூடுவது ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பலருக்கும் நிச்சயமாகத் தெரியும் முன்பே உதட்டு வேலை முடிந்துவிடுகிறது. முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் தசைகள் நடுவில் வந்து சேர வேண்டும். எங்கேயோ ஒரு பக்கம் சேராமல் நின்றுவிட்டால் அதுதான் பிளவு. கத்தி எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தியாவில் ஏறத்தாழ 700 முதல் 1000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. கிரகணம் பார்க்கும் வீட்டிலும் பிறக்கிறது, பார்க்காத வீட்டிலும் பிறக்கிறது. அமெரிக்காவிலும் பிறக்கிறது.

பரம்பரை ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் புகையிலை, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், போலிக் அமிலச் சத்துக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பல குழந்தைகளிடம் இன்ன காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஆகவே பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மனம் உடைந்த தாய்க்குப் பால் கொடுக்கும் தெம்பும் குறைந்துபோகும். நஷ்டம் பிள்ளைக்குத்தான். "மூளி" என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். நல்ல பெயராக வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

மூன்று பத்து

உதட்டு ஆப்பரேஷன் பிறந்த அன்றே ஏன் செய்வதில்லை? மயக்க மருந்தைத் தாங்கவும், இரத்தம் கொஞ்சம் போனாலும் சமாளிக்கவும், தையல் ஆறவும் பிள்ளைக்கு வலு வேண்டும். இதற்கு டாக்டர்கள் 1960-களிலிருந்து ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்.

1. வயது 10 வாரம் ஆகியிருக்க வேண்டும்.
2. எடை 10 பவுண்டு, அதாவது ஏறத்தாழ நாலரை கிலோ இருக்க வேண்டும்.
3. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்தால், பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் உதட்டைத் தைத்துவிடுவார்கள். இதில் வயது தானாகவே வரும். எடையும் இரத்தமும் தானாக வரமாட்டா. அவை நீங்கள் கொண்டுவர வேண்டியவை.

துவாக்குடிப் பக்கம் பாய்லர் வேலை செய்யும் பட்டறைகளில் பிழைக்கும் தம்பிமார்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்வேன். இரண்டு தகட்டைப் பற்றவைக்கும் முன் என்ன செய்கிறீர்கள்? துரு நீக்கி, விளிம்பைச் சரிசெய்து, இரண்டையும் நெருக்கி நிறுத்துகிறீர்கள். அந்த வேலை சரியில்லை என்றால் எவ்வளவு கெட்டிக்கார வெல்டர் வந்தாலும் பற்றவைப்பு நிற்காது. பிள்ளை விஷயமும் அப்படித்தான்.

இரண்டு வீடுகள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடுகளில் உதட்டுப் பிளவோடு இரண்டு பிள்ளைகள். பிறந்த எடை இரண்டுக்கும் 2 கிலோ 600 கிராம். பிறந்ததும் எந்தக் குழந்தைக்கும் எடை சற்றுக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வரும். அதிலிருந்து நாலரை கிலோவைத் தொட இன்னும் 1 கிலோ 900 கிராம் ஏற வேண்டும்.

முதல் வீட்டில் பாலாடையால் முறையாகப் புகட்டுகிறார்கள். பிள்ளைக்குத் தினம் 25 கிராம் எடை ஏறுகிறது. 76 நாளில் கணக்கு முடிகிறது. முதல் இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 90 நாள். மூன்றாம் மாதம் முடியும்போது ஆப்பரேஷனுக்குத் தயார்.

இரண்டாவது வீட்டில், "குடிச்ச வரைக்கும் போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். தினம் 12 கிராம்தான் ஏறுகிறது. அதே எடைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு சளிக் காய்ச்சல் வந்தால் அதுவும் தாண்டும்.

தினம் 13 கிராம்தான் வித்தியாசம். அதற்கு விலை, பிள்ளையின் வாழ்வில் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

பால் புகட்டும் முறை

பிறந்த அன்றே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லி, பிள்ளையின் வாயைத் திறந்து வெளிச்சத்தில் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு மட்டும் பிளந்ததா, அண்ணமும் பிளந்ததா என்பதைப் பொறுத்துப் பால் கொடுக்கும் முறை மாறும்.

உதடு மட்டும் பிளந்திருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் தாயிடம் நேராகவே குடிக்கும். மார்பின் மெதுவான பாகம் பிளவை அடைத்துக்கொள்ளும்படி பிள்ளையைச் சேர்த்துப் பிடியுங்கள். வேண்டுமானால் கட்டைவிரலால் பிளவை மூடிக்கொள்ளலாம்.

அண்ணமும் பிளந்திருந்தால், பிள்ளை உறிஞ்சுவது போலத் தெரியும். ஆனால் பால் வராது. வாய்க்குள் காற்று கசிவதால் இழுக்கும் சக்தி இல்லை. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும். பிள்ளை ஒரு மணி நேரம் மார்பில் கிடந்து, களைத்துத் தூங்கிவிடும். வயிறு நிறைந்து தூங்குகிறது என்று நாம் நினைப்போம். அது பசி மயக்கம்.

இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டுங்கள். பாலாடை நம் பாட்டிமார் வைத்திருந்த சாமான்தான். சங்கு என்றும் சொல்வார்கள். பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்காதீர்கள். இந்திய மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகளுக்குப் பாட்டில், கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் அதிகப் பால் உள்ளே போனது பாலாடையில்தான்.

செய்ய வேண்டியவை:

1. பிள்ளையைப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். மடியில் சாய்வாக உட்காரவைத்து, தலை வயிற்றைவிட நன்றாக உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள்.
2. பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கமாக, கன்னத்தின் உள்ளே வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த வாய்.
3. பாதியில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை தோளில் போட்டு ஏப்பம் வரச் செய்யுங்கள். இந்தப் பிள்ளைகள் காற்றை அதிகம் விழுங்குவார்கள்.
4. மூக்கு வழியாகப் பால் வந்தால் பயப்படாதீர்கள். நிறுத்தி, நிமிர்த்திப் பிடித்து, துடைத்துவிட்டு, மூச்சு சீரானதும் தொடருங்கள்.
5. இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு தடவை புகட்டுங்கள். இராத்திரியும் எழுப்பிப் புகட்டுங்கள். ஒரு வேளை அரை மணிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் குடித்த சத்தெல்லாம் குடிக்கும் சிரமத்திலேயே செலவாகிவிடும்.
6. முதல் வாரம் முடிந்த பிறகு, பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி பால் வேண்டும். 3 கிலோ பிள்ளைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறத்தாழ 55 மில்லி. உங்கள் பிள்ளைக்குச் சரியான அளவை டாக்டர் சொல்வார்.
7. பாலாடையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள். நம் ஊர் வெயிலில் பீய்ச்சிய பாலை அடுத்த வேளைக்கு என்று வெளியே வைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை: மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப் பால் கொடுக்கக் கூடாது. அண்ணம் திறந்த பிள்ளைக்கு எண்ணெய்ச் சொட்டு நேராக நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா உண்டாக்கும்.

மாமியாரும் நர்ஸம்மாவும்

ஒரு வீட்டுத் திண்ணையில் நான் கேட்ட பேச்சு:

"நர்ஸம்மா, பாலாடையில குடுத்தா பிள்ளை சப்பக் கத்துக்காதே?"

"பெரியம்மா, அது சப்பி இழுக்க அண்ணம் வேணும். அண்ணத்தைத் தைக்கிற வரைக்கும் நாமதான் அதுக்கு அண்ணம்."

"எங்க காலத்துல இப்படிப் பொறந்தது தங்காதும்மா."

"தங்காம போனது உதட்டாலயா பெரியம்மா? பட்டினியால. நீங்க பாலாடை பிடிங்க, வாரா வாரம் நான் எடை பார்க்கிறேன். தங்குதா இல்லையான்னு பார்ப்போம்."

அந்தப் பெரியம்மா பாலாடை பிடித்தார். மருமகளைவிடப் பொறுமையாகப் பிடித்தார். மூன்றாம் வாரம் தராசில் முள் நகர்ந்தபோது முதலில் சிரித்ததும் அவர்தான். தந்தைமார்களே, இராத்திரி இரண்டு மணி வேளை உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். பாலை எடுத்துக் கொடுப்பது தாய். புகட்டுவது யாரானாலும் பிள்ளைக்கு எடை ஏறும்.

எடை, இரத்தம், சளி

வாரம் ஒரு தடவை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து, தேதியோடு குறித்துவையுங்கள். வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. இரண்டு வாரம் தொடர்ந்து ஏறாவிட்டால் மூன்றாவது வாரத்துக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டு மூன்று மாத வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்த அளவு இயல்பாகவே சற்று இறங்கும். ஆகவே பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம். இரும்புச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். கடையில் கேட்டு நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். தாயும் தனக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் சாப்பிட வேண்டும்.

தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். 6, 10, 14-ஆம் வாரத்து ஊசிகள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. ஊசி போட்ட தேதியை ஆப்பரேஷன் செய்யும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசியால் வரும் காய்ச்சலும் ஆப்பரேஷன் நாளும் ஒன்றாக வராதபடி அவர் பார்த்துக்கொள்வார்.

சளி, இருமல், காய்ச்சல், காதில் சீழ் இருந்தால் மறைக்காதீர்கள். "சொன்னா தேதியைத் தள்ளிடுவாங்க" என்று மறைத்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்கு ஆபத்து. தேதி சில வாரம் தள்ளிப்போகட்டும். பிள்ளை இருக்கும் அறையில் பீடி, சிகரெட், சாம்பிராணி, விறகு அடுப்புப் புகை எதுவும் வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு டாக்டர் உதட்டின் குறுக்கே ஒட்டுப் பட்டை போடுவார். சிலருக்கு வாய்க்குள் வைக்கும் ஒரு தகடும் செய்து தருவார். பிறந்த சில வாரங்களில் ஈறு மெதுவாக இருப்பதால், பிளவின் இரு பக்கமும் மெல்ல நெருங்கிவரும். அப்புறம் தைப்பது சுலபம். இதை டாக்டர் கற்றுத்தந்தால் மட்டும், சொன்னபடி செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்திரியை எடுத்து நீங்களாக ஒட்டாதீர்கள்.

பிள்ளை இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காவிட்டாலும், மூச்சு வாங்கினாலும், உடம்பு நீலம் பாய்ந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆப்பரேஷனுக்கு முந்தைய நாள்

குளிப்பாட்டி, நகம் வெட்டிவிடுங்கள். கண் மை, திருஷ்டிப் பொட்டு, பவுடர் வேண்டாம். அரைஞாண், காப்பு, கயிறு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். தலை வழியாக மாட்டாமல் முன்பக்கம் திறக்கும் சட்டை நாலு எடுத்துக்கொள்ளுங்கள். பாலாடையும், எடைக் குறிப்பும், தடுப்பூசி அட்டையும், காப்பீட்டு அட்டையும் பையில் இருக்கட்டும்.

மிக முக்கியமானது வெறும் வயிறு. பொதுவாகத் தாய்ப்பால் கொடுத்து 4 மணி நேரமும், பவுடர் பாலோ வேறு பாலோ கொடுத்திருந்தால் 6 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். காலை 8 மணிக்கு ஆப்பரேஷன் என்றால், விடியற்காலை 4 மணிக்குள் பிள்ளையை எழுப்பிக் கடைசித் தாய்ப்பால். சரியான மணியை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். அவர் சொன்னதே முடிவு. அதற்கு மேல் பிள்ளை அழும். பார்க்கப் பொறுக்காமல் யாராவது ஒரு வாய் புகட்டிவிடுவார்கள். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வயிற்றிலிருந்து அந்தப் பால் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாள் தள்ளும், அவ்வளவுதான்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு பிள்ளை தையலைத் தொடாமல் இருக்க முழங்கைக்குப் பட்டை கட்டலாம். பாலாடையில் பழகிய பிள்ளைக்கு அப்புறமும் புகட்டுவது சுலபம். அண்ணப் பிளவு இருந்தால் அதற்கு இன்னோர் ஆப்பரேஷன் உண்டு. பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள். பேச்சுத் தெளிவாக வருவதற்கு அது முக்கியம். உதடு சேர்ந்து முகம் அழகாகிவிட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள்.

எங்கே போவது? பணம்?

துவாக்குடி, வாழவந்தான்கோட்டை, நவல்பட்டு என்று எந்த ஊராக இருந்தாலும் முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டுள்ளன. துவாக்குடி அரசு மருத்துவமனையில் காட்டினால், மேல் சிகிச்சைக்குத் திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கொண்டுபோய்க் கேளுங்கள். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு அமைப்பும் 2000 முதல் நம் நாட்டில் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து இந்த ஆப்பரேஷனைக் கட்டணமின்றிச் செய்ய உதவிவருகிறது. விவரம் தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிங்கி என்ற சிறுமி உதட்டுப் பிளவோடு பிறந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளோடு விளையாட மாட்டார்கள். வாராணசியில் இலவசமாக ஆப்பரேஷன் நடந்தது. அவளைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும்படம் 2009-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. 2013-இல் லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் ஆடவர் இறுதிப் போட்டியில் நாணயம் சுண்டியவள் அவள்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பள்ளிக்கூட வயது வரும்வரை அவள் பிளந்த உதட்டோடு காத்திருக்க வேண்டியிருந்தது, அவள் வீட்டாருக்கு வழி தெரியாததால். உங்களுக்கு இப்போது தெரியும்.

அடுத்த குழந்தை?

பெற்றோருக்குப் பிளவு இல்லாமல், ஒரு பிள்ளைக்கு இருந்தால், அடுத்ததற்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு நாலு. அதாவது நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு வராது. பயம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். இந்தப் பிள்ளையின் ஆப்பரேஷன்கள் முடிந்து, தாயின் உடம்பு தேறட்டும். மூன்று வருஷ இடைவெளி விடுங்கள். அதற்கான வழிமுறைகள் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். மறுபடி கருத்தரிக்க நினைக்கும்போது, அதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துப் போலிக் அமில மாத்திரை தொடங்குங்கள். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். புகையிலையை இருவரும் விடுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், இன்றைக்கே தொட்டில் திரையை விலக்குங்கள். பாலாடையைத் தேடி எடுங்கள். அடுத்த வாரம் எடை பார்க்கப் போங்கள். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.